மாலை போடுமுன் கையைப் பாருங்கள்

தீபாவளி முடிந்தது. மில் போனஸ் கைக்கு வந்து, கையை விட்டும் போயாயிற்று. இன்னும் சில நாளில் கார்த்திகை ஒன்று. ராஜபாளையம் கடைகளில் கறுப்பு வேட்டியும் காவித் துண்டும் துளசி மணியும் தொங்க ஆரம்பித்துவிட்டன. வருஷம் முழுக்கக் குடிக்கிற எத்தனையோ ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாளோ 48 நாளோ ஒரு சொட்டுத் தொடாமல் இருக்கப் போகிற காலம் இது. இத்தனை பேரை ஒரே நாளில் பாட்டிலைக் கீழே வைக்கச் செய்கிற வேறொரு வழக்கத்தை நம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

இந்த நல்ல வழக்கத்தில் ஆள் வழுக்கி விழுகிற இடங்கள் இரண்டு. ஒன்று மாலை போடுகிற வாரம். இன்னொன்று மாலையைக் கழற்றுகிற வாரம். முதலாவதற்கு இன்றே தயாராக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். தினமும் இரண்டு குவார்ட்டர். கார்த்திகைக்கு முந்தின ராத்திரி, "நாளையிலிருந்து கிடையாதுல்ல, மாப்ள" என்று கூட்டாளிகளோடு விடிய விடியக் குடித்தார். காலையில் தலைமுழுகி மாலை போட்டுக்கொண்டார். அன்றைக்குச் சாயங்கால பஜனையிலேயே அவருக்கு ஜால்ரா பிடிபடவில்லை, கை அப்படி நடுங்கியது. மறுநாள் தூக்கமில்லை, உடம்பெல்லாம் வேர்வை. மூன்றாம் நாள் நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து சுவரோடு பேசினார். பிறகு இரண்டு விரலால் காற்றில் எதையோ பிடித்தார், திரித்தார், ஒட்டினார். மறுபடியும் பிடித்தார், திரித்தார், ஒட்டினார். அறுந்த இழையை எடுத்து ஒட்டுகிற வேலை அது. இருபது வருஷமாக மில்லில் அவர் செய்த வேலை.

"சாமி இறங்கியிருக்கு" என்று அவருடைய அம்மா சூடம் கொளுத்தினார். எதிர்வீட்டில் இருந்த நர்ஸ் வந்து நாடியைப் பார்த்துவிட்டு, "அத்தை, இது சாமி இல்ல. மொதல்ல 108-ஐக் கூப்பிடுங்க" என்றார். அவர் பிழைத்தார். அந்தப் பெண் அன்றைக்கு நைட் டியூட்டிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வருஷக்கணக்கில் தினமும் உள்ளே போகிற சாராயம் மூளையை மந்தமாக்குகிறது. மூளை அதற்கு ஈடுகொடுக்க எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் எதிராளி சட்டென்று கயிற்றை விட்டால் நாம் மல்லாந்து விழுவோமே, அதுதான் நடக்கிறது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் வேர்வையும் படபடப்பும் வரும். வலிப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். சித்தம் கலங்குவதும், இல்லாத பூச்சியும் ஆளும் தெரிவதும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். குடிப்பவர் எல்லாருக்கும் இது வராது. தினமும் அதிகமாகக் குடித்துவிட்டு ஒரேயடியாக நிறுத்துகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு வரும். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம்.

அதனால் குருசாமிகளிடம் ஒரு வேண்டுகோள். மாலை போட வருகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காலையில எந்திரிச்சா கை நடுங்குதா? ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்குதா?" ஆமாம் என்றால் அவரைத் திட்ட வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்தவர், மஞ்சள் காமாலை வந்தவர், தினமும் ஒரு குவார்ட்டருக்கு மேல் போகிறவர் எல்லாரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அப்படிப்பட்டவர் டாக்டரைப் பார்க்கும்வரை தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் அதுதான் சரியான மருத்துவ ஆலோசனை. மாலை நான்கு நாள் தள்ளிப் போனால் ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே போய், "குடியை விடப் போகிறேன், எவ்வளவு குடிக்கிறேன் என்றால் இவ்வளவு" என்று அளவைக் குறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கமும் வலிப்பும் வராமலிருக்கச் சில நாளைக்கு மாத்திரை தருவார்கள், பி1 வைட்டமின் தருவார்கள். மனநலப் பிரிவு தேவைப்பட்டால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையோ போய்வரக்கூடிய தூரம்தான். அந்த மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அதற்கும் பழகிப்போகிற ஆபத்து உண்டு. சோர்வாக இருக்கிறது என்று எங்காவது குளுக்கோஸ் ஏற்றப் போனால், குடிப்பவர் என்பதை ஊசி போடுமுன்பே சொல்லிவிடுங்கள். பி1 குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். முதலில் பி1, பிறகுதான் குளுக்கோஸ்.

விரதத்தில் மருந்து சாப்பிடலாமா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கிறது. சாப்பிட வேண்டும். குருசாமியே அதைச் சபையில் சொன்னால் பத்து சாமிகளுக்குத் தைரியம் வரும். ஒருவேளைச் சாப்பாடு என்கிற கட்டுப்பாடும் முதல் பத்து நாளைக்கு இவர்களுக்கு வேண்டாம். மூன்று வேளையும் சோறு, பருப்பு, வாழைப்பழம், நிறையத் தண்ணீர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடந்தால் வேறு வினை வரும்.

அதிகாலைக் குளியலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது அடைமழைக் காலம். முடங்கியாற்றிலோ கண்மாயிலோ கிணற்றிலோ இருட்டில் தனியாக முங்குகிறவருக்கு அந்த நேரம் வலிப்பு வந்தால் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். முதல் ஐந்து நாள் வீட்டுக் குழாயடியிலேயே குளியுங்கள், கதவைத் தாழிட வேண்டாம். மில்லிலும் பேண்டேஜ் தறியிலும் வேலை பார்க்கிறவர்கள் அந்த ஐந்து நாள் லீவு போடுங்கள், முடியாவிட்டால் ஓடுகிற மெஷினிலிருந்து தள்ளி வேலை கேளுங்கள். பைக் வேண்டாம். வலிப்பு வந்துவிட்டால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதை விட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வீட்டுப் பெண்கள் ஒரு காரியத்தை மட்டும் செய்ய வேண்டாம். குடியை மறக்கடிக்கும், தெரியாமல் கலந்து கொடுக்கலாம் என்று விற்கிற பொடியையும் மாத்திரையையும் சாம்பாரில் போடாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்து, அவர் வெளியே போய்க் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். அது நல்ல மருந்துதான். டாக்டர் எழுதி, சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து. தாங்க முடியாமல்தான் ஒரு பெண் இந்தப் பொடிவரைக்கும் போகிறாள். அவளிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கும் பேச ஆள் வேண்டும். 14416 மனநல உதவி எண், தமிழில் பேசலாம். போதையிலிருந்து மீள்வதற்கென்று 14446 இருக்கிறது. மாநில அரசின் 104-ம் உண்டு. குடிப்பவருக்காக வீட்டில் இருப்பவர்கள் கூப்பிடலாம், காசு கிடையாது.

மாலை போடாதவர்களுக்கு வருகிறேன். "நான் சும்மா வாரத்துக்கு ரெண்டு தடவை, ஒரு குவார்ட்டர்தான்" என்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். கணக்குப் பாருங்கள். 180 மில்லி பாட்டிலில் சாராயம் 42.8 சதவீதம். எடையில் சுமார் 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமைத் தொட்டாலே அது அதீதக் குடி என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. நாம் சாதாரணம் என்று நினைக்கிற அந்தச் சின்ன பாட்டில் நேராக அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. ஈரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது ஏழிலிருந்து பத்து கிராம்வரை. ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவர் காலை ஷிப்டுக்கு பைக்கை எடுக்கும்போதும் அதன் மிச்சம் ரத்தத்தில் இருக்கலாம். ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டிலும் 40 கிராமை நெருங்கும், அதைப் "பீர்தானே" என்று கழித்துவிட முடியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று அதே நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. மொத்தமாக விட முடியாவிட்டாலும் குறைத்த அளவுக்கு லாபம்தான்.

கை நடுக்கம் இல்லாத இவர்கள் நாளைக்கே தொடங்கலாம். அடுப்படியில் தொங்குகிற தினசரி காலண்டரில், குடிக்காத நாளில் ஒரு வட்டம் போடுங்கள். டாஸ்மாக் கடை திறப்பது மதியம் பன்னிரண்டு, மூடுவது ராத்திரி பத்து. உங்களுக்கு ஆபத்தான நேரம் இதற்குள் எது என்று உங்களுக்கே தெரியும். பலருக்கு ஷிப்டு விட்ட முதல் அரை மணி நேரம். அந்த நேரத்தில் வயிறு காலியாக இருக்கக் கூடாது. கடை இருக்கிற ரோட்டை விட்டு வேறு ரோட்டில் வீடு வாருங்கள். பங்கு போட்டு கட்டிங் வாங்குகிற சகவாசம்தான் பெரும்பாலும் ஆளை உள்ளே இழுக்கிறது. அந்த நண்பரிடம் "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளுங்கள், விவாதத்துக்கு நின்றால் தோற்பீர்கள். முதல் வாரம் தூக்கம் கெடும், இனிப்பு தேடும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குப் பால்கோவா பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் சாப்பிடுங்கள், தப்பில்லை.

தனியாக முயல்கிறவரைவிடக் கூட்டாக முயல்கிறவருக்கு இது எளிது. மார்கழி முழுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியலில் காதில் விழுகிற திருப்பாவையை எடுத்துக்கொள்ளுங்கள். நோன்புக்காக எதையெல்லாம் விடுகிறோம் என்று ஆண்டாள் இரண்டாம் பாசுரத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறாள். ஆறிலிருந்து பதினைந்துவரை பத்துப் பாசுரம் தோழிகளை வீடு வீடாக எழுப்பிக் கூட்டிப் போவதற்கே போகிறது. முப்பதில் பத்து! விடுவதைவிட, சேர்ந்து போக ஆள் திரட்டுவதுதான் பெரிய வேலை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2013 முதல் ஜனவரி மாதம் குடிக்காமல் இருக்கிற இயக்கம் ஒன்று நடக்கிறது. அதில் சேர்ந்தவர்கள் ஆகஸ்டிலும் முன்பைவிடக் குறைவாகவே குடித்தார்கள் என்று ஆய்வு செய்து சொன்னார்கள். கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கும் முஸ்லிம்களின் ரமலானுக்கும் இதே வலிமை உண்டு.

கடையே இல்லாத காலமும் இங்கே இருந்தது. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை முதலமைச்சராக இருந்தபோது மாநிலம் முழுக்க மதுவிலக்கு இருந்தது. பிறகு சட்டம் பலமுறை மாறி, 2003-லிருந்து சில்லறைக் கடையையே அரசின் டாஸ்மாக் நடத்துகிறது. கடையை மூடச் சொல்லிக் கேட்பது நம் உரிமை, கேட்போம். அதுவரை நம் கையில் இருப்பது இந்த மாதம்.

மாலை போட்டவருக்கு வீட்டில் நடக்கிற இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள். நேற்றுவரை "ஏய், குடிகாரா" என்று தெருவே கூப்பிட்ட மனிதரை இன்று பெற்ற பிள்ளையும் "சாமி, சாப்பிட வாங்க" என்கிறது. மனைவி தனித்தட்டில் பரிமாறுகிறாள். மாமியார் வந்து காலைத் தொடுகிறார். 41 நாள் அவரைக் குடிக்காமல் நிறுத்தி வைப்பதில் அந்த மரியாதைக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே அது போய்விடுகிறது. அதுவும் எப்போது? மண்டல பூஜைக்குப் போனவர் டிசம்பர் கடைசியில் திரும்புகிறார், டிசம்பர் 31 ராத்திரி வாசலில் நிற்கிறது. மகரஜோதிக்குப் போனவர் இறங்குவது நேரே பொங்கலுக்குள். செங்கோட்டை தாண்டி வேன் ஊருக்குள் நுழையும் முன்பே, "சாமி, இனிமே நீ மாப்ளதான்" என்று யாரோ ஒருவர் சிரிப்பார்.

அந்த நாளுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். மாலையைக் கழற்றுகிற தேதியை காலண்டரில் குறித்து, அதற்கு அடுத்த ஏழு சாயங்காலத்துக்கும் ஒரு வேலை எழுதிவையுங்கள். பிள்ளையைப் படிக்க வைப்பதோ, தங்கச்சி வீட்டுக்குப் போவதோ, எதுவானாலும் சரி. பஜனைக் குழுவை மாலையோடு கலைக்காமல் வாரம் ஒரு நாள் யார் வீட்டிலாவது கூட்டுங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடக்கின்றன, கட்டணமில்லை, பெயரும் வெளியே போகாது. நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் 41 நாளும் வீணாகிவிட்டது என்று மறுபடி முழுதாக இறங்கிவிடாதீர்கள், மறுநாள் காலண்டரில் வட்டத்தைத் தொடருங்கள். தை 2, திருவள்ளுவர் தினம், கடை அடைப்பு. தை 3 மதியம் பன்னிரண்டுக்கு ஷட்டர் மேலே போகும். அன்றைக்குச் சாயங்காலம் அவரோடு யார் இருப்பது என்று வீட்டில் இன்று ராத்திரியே பேசிவையுங்கள். அன்றைக்கும் அவரை "சாமி" என்றே கூப்பிடலாம்.