பன்னீர் திராட்சை கறுக்கும் வழி

அன்புள்ள தம்பிக்கு,

ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். கம்பம் பக்கம் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று எந்தப் பந்தலுக்குள் நுழைந்தாலும் உன்னிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: "குலை ஏன் இன்னும் கறுக்கலை?" அவசரப்பட்டு மருந்துப் பெயரைச் சொல்லிவிடாதே.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம். ஸ்கியாவா குரோசா என்ற கறுப்பு ரகத்துக்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற வெள்ளை ரகத்துக்கும் பிறந்தது. வெள்ளைத் திராட்சை ஏன் வெளுத்தே இருக்கிறது என்பதை 2004-ல் ஜப்பானின் கோபயாஷி குழு காட்டியது. நிறமி வேலையைத் தொடங்கிவைக்கும் எம்.ஒய்.பி.ஏ.1 மரபணுவின் முகப்பில் ஒரு தாவும் மரபணு புகுந்து அதை முடக்கிவிட்டது. பன்னீருக்கு முடங்கிய பிரதி ஒரு பக்கமிருந்தும், நல்ல பிரதி மறுபக்கமிருந்தும் வந்தன. கறுக்க ஒரு நல்ல பிரதி போதும். ஆனால் அதன் சொந்த மகரந்தத்தில் விளைந்த விதையை முளைக்கவைத்தால் ஏறத்தாழ நான்கில் ஒரு கொடி வெள்ளையாகக் காய்க்கும். எல்லோரும் குச்சி நட்டே வளர்ப்பதால் தோட்டத்தில் இதைப் பார்க்க முடியாது.

காய் இளகும்போது தோலில் சர்க்கரையும் அப்சிசிக் அமிலமும் கூடும். அப்போதுதான் அந்த மரபணு விழித்து ஆந்தோசயனின் என்ற நிறமியை உண்டாக்கும் நொதிகளை வேலைக்கு இழுக்கிறது. பன்னீரில் அந்த நிறமி தோலில்தான் இருக்கிறது.

மரபணு விழித்தாலும் வெயில் விடாது. கேபர்னே சாவிஞான் ரகத்தில் 2007-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், 35 டிகிரியில் பழுத்த பழத்தின் நிறமி 25 டிகிரியில் பழுத்ததில் பாதிகூட இல்லை. மரபணுக்கள் பெரிதாக அடங்கவில்லை. உண்டான நிறமியே சிதைந்துபோயிற்று. இரவுப் புழுக்கமும் நிறத்தைக் குறைக்கும். கோடைக் குலை சிவந்தே நின்றுவிட்டால் விவசாயியைக் குறை சொல்லாதே.

நிறத்துக்காக எத்ரல் மருந்து அடித்தால் நிறம் முந்திக்கொண்டு வரும், இனிப்பு அந்த வேகத்தில் வராது. அப்படிக் கறுத்த புளிப்புப் பழத்தைத் தின்றவர் அடுத்த முறை கம்பத்துப் பழம் என்றாலே யோசிப்பார். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. மருந்துக்குப் பதிலாக, கவாத்து முடிந்து பிஞ்சு பிடித்ததும் கொடி தாங்காத குலைகளைக் கழிக்கச் சொல். குலையைச் சுற்றி நெருக்கியிருக்கும் இலையை மட்டும் கிள்ளி வெளிச்சம் விடு, மொட்டையடித்துவிடாதே. சர்க்கரை இலையிலிருந்துதான் வரவேண்டும். அறுப்பு நாளைக் கண்ணால் முடிவுசெய்யாமல் குலையின் நுனிக்காயைப் பிழிந்து, பிரிக்ஸ் என்ற இனிப்பு அளவைப் பார்த்துச் சொல். வியாபாரி வண்டியோடு வாசலில் நின்றாலும் சரி.

அன்புடன்,
உன் அண்ணன்