குளோரைடு வாயிலின் இரு பூட்டுகள்

அன்புள்ள மாணவிக்கு,

செல்லைச் சூழ்ந்த சவ்வு கொழுப்பால் ஆனதாதலால், மின்னேற்றம் கொண்ட குளோரைடு அயனி அதனைத் தானே கடக்க இயலாது என்று பாடநூலில் படித்திருப்பாய். அதற்கு வழிவிடும் புரதங்கள் பல. அவற்றுள் நுரையீரல், குடல், கணையம், வியர்வைச் சுரப்பி ஆகியவற்றில் பணிபுரியும் சி.எஃப்.டி.ஆர். என்னும் புரதம் தனித்துக் கற்கத்தக்கது. இதன் மரபணுவை 1989இல் லாப்-சீ சுய், பிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியோர்டன் ஆகியோரின் குழுக்கள் ஏழாம் குரோமோசோமில் கண்டறிந்தன. 1480 அமினோ அமிலங்களாலான இப்புரதம், ஏ.டி.பி.யின் ஆற்றலைச் செலவிட்டுப் பொருள்களைச் சவ்வுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் ஒரு பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் அக்குடும்பத்தில் அயனிக் கால்வாயாக விளங்குவது இது ஒன்றே.

சவ்வை ஊடுருவும் பன்னிரண்டு சுருள்கள் நடுவே ஒரு வழியை அமைக்க, செல்லின் உட்புறத்தில் ஏ.டி.பி.யைப் பற்றும் இரு பகுதிகள் தொங்குகின்றன. அவற்றின் இடையே, நிலையான வடிவமற்ற 'ஆர்' பகுதி, கதவிடுக்கில் செருகிய ஆப்பைப் போல அவ்விரண்டையும் சேரவிடாமல் தடுக்கிறது. ஹார்மோன் போன்ற சைகையால் செல்லினுள் சுழற்சி ஏ.எம்.பி. மிகும்போது, அதனால் தூண்டப்பெறும் நொதியொன்று ஆர் பகுதியில் பாஸ்பேட்டுகளைச் சேர்க்க, அது விலகுகிறது. இதனால் மட்டும் வாயில் திறந்துவிடுவதில்லை, இரு ஏ.டி.பி. மூலக்கூறுகள் வந்து பற்றி, இரு பகுதிகளும் ஒன்றோடொன்று பொருந்திய பின்னரே திறக்கிறது. அவற்றுள் ஒன்று சிதைந்ததும் மூடிக்கொள்கிறது. ஏ.டி.பி. செலவாவது வாயிலை இயக்குவதற்கே. அயனியோ செறிவும் மின்னழுத்தமும் காட்டும் திசையில் தானே பாய்கிறது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணராதவருக்கு இப்புரதம் என்றும் புதிராகவே இருக்கும்.

இவ்வாயில் மூடாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் காலரா காட்டுகிறது. 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே, காலரா கிருமிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரே முயலின் குடலில் நீரைத் தேக்கப் போதுமானது எனக் காட்டி, நோயின் காரணம் ஒரு நச்சு என்பதை நிறுவினார். அவர் கண்டதன் உட்பொருள் பின்னர் விளங்கியது: அந்நச்சு சுழற்சி ஏ.எம்.பி.யைக் குறையவிடாமல் வைக்க, முதல் பூட்டான ஆர் பகுதி விலகியபடியே இருந்து, குளோரைடு குடலுக்குள் வெளியேற, சோடியமும் நீரும் அதனைத் தொடர்கின்றன. குளுக்கோசுடன் சோடியத்தை உள்ளிழுக்கும் மற்றொரு புரதத்தை அந்நச்சு முடக்குவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர்காப்பது அதனாலேயே.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயில் நிகழ்வது காலராவுக்கு மாறானது. அதில் மிகுதியாகக் காணப்படும் பிழை, சி.எஃப்.டி.ஆர். புரதத்தின் 508ஆம் இடத்து ஃபீனைல்அலனைன் விடுபட்டுப்போவதாகும். அவ்விடம் அயனி செல்லும் வழியில் இல்லை, ஏ.டி.பி.யைப் பற்றும் முதற்பகுதியில் உள்ளது. ஆயினும் புரதம் சரியாக மடியாமல் போகவே, செல் அதனைச் சவ்வுக்கு அனுப்பாமல் உள்ளேயே சிதைத்துவிடுகிறது. தப்பிச் சவ்வை அடைபவையும் அரிதாகவே திறக்கின்றன. ஆகவேதான் 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கூட்டு மருந்தில், மடிப்பைச் சீராக்கும் இரண்டும், வாயிலைத் திறந்து வைக்கும் ஒன்றுமாக மூன்று மூலக்கூறுகள் சேர்க்கப்பட்டுள்ளன.

அன்புடன்,
உன் ஆசிரியர்