ஒருவரைக் குறிக்கும் 'தே'

கேள்வி: ஆளை ஆணா பெண்ணா என்று தெரியாத இடத்தில் ஆங்கிலத்தில் 'தே' என்று எழுதுகிறார்கள். அது பன்மைச் சொல் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஒருவரைப் பன்மையில் சொல்லும் இந்தப் பழக்கம் எப்போது, எங்கிருந்து வந்தது? இலக்கணப்படி இது தவறில்லையா?

பதில்: பழக்கம் பழையது; அதைத் தவறு என்று சொன்ன விதிதான் பின்னால் வந்தது. 'தே' என்ற சொல்லே ஆங்கிலத்தில் பிறந்ததன்று. பழைய ஆங்கிலத்தில் அவன் என்பதற்கு 'ஹே', அவள் என்பதற்கு 'ஹேயோ', அவர்கள் என்பதற்கு 'ஹியே' என்று சொன்னார்கள். நாளடைவில் உச்சரிப்பு தேய்ந்து, பல வட்டாரங்களில் இவற்றைக் காதால் பிரித்தறிவதே கடினமாயிற்று. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பேச்சில் 'அவர்கள்' என்பதற்கு வழங்கிய சொல் 'தெய்ர்'. அதுதான் வடக்கிலிருந்து மெல்லத் தெற்கே இறங்கி, 'ஹியே'யின் இடத்தைப் பிடித்து, இன்றைய 'தே' ஆயிற்று. பொருள்களின் பெயர்களை ஒரு மொழி இன்னொன்றிடம் வாங்குவது அன்றாடம் நடப்பது. சுட்டுப்பெயரை வாங்குவது அரிது. அந்த அளவுக்கு ஆங்கிலத்துக்குத் தேவை இருந்திருக்கிறது. வந்த சொல் முழுதாக நிலைபெறும் முன்பே ஒருமையிலும் வழங்கத் தொடங்கிவிட்டது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலமாக்கப்பட்ட, 1375ஐ ஒட்டிய, வில்லியமும் ஓநாய் மனிதனும் வரும் கதைப்பாடலில், ஒவ்வொருவனும் விரைந்தான் என்று தொடங்கும் வாக்கியம் 'தே' என்று தொடர்கிறது. எழுத்தில் 1375 என்றால் பேச்சில் அதற்கும் முன்பே இருந்திருக்க வேண்டும். அதன்பின் சாசரிடமும் ஷேக்ஸ்பியரிடமும் 1611ஆம் ஆண்டின் பைபிள் மொழிபெயர்ப்பிலும் இந்த ஆட்சியைக் காணலாம். ஜேன் ஆஸ்டின் தம் நாவல்களில் இதைத் தாராளமாகக் கையாண்டிருக்கிறார்.

அப்படியானால் தவறு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு இலக்கண நூல்கள் பெருகியபோது வந்தது. அந்நூற்றாண்டின் நடுவில் நியூகாசிலில் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் என்ற பெண்மணி எழுதிய இலக்கணம், பொதுவாகச் சொல்லும் இடங்களில் ஆண்பால் சொல்லே பெண்ணையும் அடக்கும் என்றது. 1795இல் வெளியான லிண்ட்லி மரேயின் இலக்கணம், பிரதிப்பெயர் தான் குறிக்கும் பெயரோடு பாலிலும் எண்ணிலும் ஒத்திருக்க வேண்டும் என்று விதித்து, ஒருமைக்கு வந்த 'தே'யைத் திருத்த வேண்டிய வாக்கியங்களின் வரிசையில் வைத்தது. பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப் படித்தே வளர்ந்தார்கள். அந்த விதியைச் சற்று நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை 'ஹி' என்றால் எண் பொருந்துகிறது, பால் பொருந்தவில்லை. 'தே' என்றால் பால் இடிக்கவில்லை, எண் இடிக்கிறது. இரண்டிலும் ஒவ்வொரு வழு உண்டு. எண் வழு பெருங்குற்றம், பால் வழு குற்றமே அல்ல என்று முடிவு செய்ததற்கு மொழியில் எந்தக் காரணமும் இல்லை. இதை 1975இல் ஆன் போடீன் என்ற ஆய்வாளர் விரிவாக எடுத்துக்காட்டினார். இலக்கணம் என்ற பெயரில் நடந்தது ஒரு தேர்வு. அந்தத் தேர்வில் ஆண் பொது ஆனான், பெண் அவனுக்குள் அடங்கியவள் ஆனாள்.

சரி, அடங்கியவளாகவாவது அவளை எண்ணிக்கையில் சேர்த்தார்களா? இதற்கான விடை வகுப்பறையில் இல்லை, நீதிமன்றத்தில் இருக்கிறது. 1850இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பால் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்று சட்டம் இயற்றியது. ஒருமை பன்மையைக் குறிக்கும், பன்மை ஒருமையைக் குறிக்கும் என்பதும் அதே சட்டத்தில் அதை ஒட்டியே இருக்கிறது. எண்ணை மாற்றிக்கொள்ள அங்கே தடையே இல்லை. 1867ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் தகுதியுள்ள ஒவ்வொரு 'மேனு'க்கும் வாக்குரிமை தந்தபோது, மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கான பெண்கள் 1850இன் விதியைச் சுட்டித் தங்கள் பெயரையும் பட்டியலில் சேர்க்கக் கேட்டார்கள். 1868இல் சோர்ல்ட்டன் எதிர் லிங்ஸ் வழக்கில், இங்கே அந்தச் சொல் பெண்ணைக் குறிக்காது என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்பால் சொற்களில் எழுதப்பட்ட வரிச் சட்டமும் தண்டனைச் சட்டமும் பெண்களை விட்டுவிடவில்லை. அமெரிக்காவில் வாக்களித்த குற்றத்துக்காக 1873இல் விசாரிக்கப்பட்ட சூசன் பி. ஆன்டனி, தண்டிக்கும்போது பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும் 'ஹி' உரிமை தரும்போது மட்டும் அவளை விலக்குவது எப்படி என்று ஊர் ஊராகப் பேசினார். நம் நாட்டிலும் இதே கதைதான். சட்டம் படித்துத் தேறிய ரெஜினா குஹா வழக்கறிஞராகப் பதிவு கேட்டபோது, ஆண்பால் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்ற பொது விதி இருந்தும், 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெண்கள் அந்தத் தொழிலுக்கு வர 1923இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. எல்லாரையும் குறிக்கும் 'ஹி' என்பது உரிமை கேட்டுச் சோதித்துப் பார்த்த இந்த இடங்களிலெல்லாம் உடைந்திருக்கிறது.

பால் விஷயம் இருக்கட்டும், பன்மை பன்மைதானே என்பது அடுத்த மறுப்பு. இப்படிச் சொல்பவர்கள் தினமும் ஒருவரைப் பார்த்து 'யூ ஆர்' என்றுதான் சொல்கிறார்கள். 'யூ' முன்பு பலரை மட்டுமே குறித்த சொல். ஒருவருக்கு உரியது 'தௌ'. மரியாதைக்காக ஒருவரையும் பன்மையில் அழைத்து அழைத்து, கடைசியில் 'தௌ' வழக்கொழிந்தது. குவேக்கர் சமயத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸும் அவர் தோழர்களும், ஒருவரைப் பன்மையில் அழைப்பது உண்மைக்கு மாறானது என்று 1660இல் ஒரு தடித்த நூலே வெளியிட்டார்கள். மொழி அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவும் வேண்டியதில்லை. 'அவர்' நமக்குப் பலர்பால் சொல். இன்று அது ஒருவரைக் குறிக்கிறது, பலருக்கு 'அவர்கள்' என்று இன்னொரு விகுதி சேர்த்துக்கொண்டோம். தொல்காப்பியம் இதை எதிர்கொண்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்த்திக் கூறல், இலக்கண நெறி அன்று என்று இரண்டையும் மறைக்காமல் பதிவு செய்கிறது அதன் கிளவியாக்கம் என்ற இயல். 'ஒருவர்' என்ற சொல் ஆண், பெண் இரு பாலுக்கும் உரியது, அது பன்மை வினை கொண்டு முடியும் என்கிறது பெயரியல். ஆங்கிலத்தில் 'தே' செய்கிற வேலை இதேதான். வழக்கில் உள்ளதை வழுவமைதியாக ஏற்கும் மனம் மரேக்கு இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

குழப்பம் வருமே என்பார்கள். சில வாக்கியங்களில் வரத்தான் செய்யும். அங்கே பெயரையே திரும்பச் சொல்லலாம். 'யூ'விலும் அதே குழப்பம் உண்டு. புதுச் சொல் ஒன்றை ஆக்கிக்கொண்டால் என்ன என்று முயன்றவர்களும் பலர். அமெரிக்கரான சார்லஸ் கன்வர்ஸ் 1884இல் வெளியிட்ட 'தான்' என்ற சொல் (நம் 'தான்' அன்று, ஆங்கிலச் சொற்கள் இரண்டை ஒட்டிச் செய்தது) 1934இல் வெப்ஸ்டர் பேரகராதிக்குள் நுழைந்து, யாரும் பயன்படுத்தாததால் 1961 பதிப்பில் வெளியேறியது. 'தே'யை யாரும் ஆக்கவும் இல்லை, பரப்பவும் இல்லை. அது நாவிலேயே இருந்தது.

ஒரு வேறுபாட்டை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். யாரென்று தெரியாதவரைக் குறிக்கும் 'தே' பழையது. நன்கு தெரிந்த, பெயருள்ள ஒருவர், தாம் ஆண் என்றோ பெண் என்றோ அடங்காதவர் என்பதால் தம்மை அப்படிக் குறிக்கச் சொல்வது அண்மைக் கால விரிவு. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்தப் பொருளை 2019இல்தான் சேர்த்தது. காதுக்குப் பழக நாளாகும் என்பது உண்மை. ஆனால், அவரை எப்படிக் குறிப்பது என்று அவரிடம் கேட்பதைத் தடுக்கும் இலக்கணம் எதுவும் இல்லை. எழுதும்போது வினையைப் பன்மையிலேயே வையுங்கள்: ஒருவரானாலும் 'தே ஆர்'தான், 'தே இஸ்' அன்று, 'யூ ஆர்' போலவே. தற்சுட்டில் மட்டும் ஒருமை தலைகாட்டுகிறது. ஒருவருக்கு 'யுவர்செல்ஃப்', பலருக்கு 'யுவர்செல்வ்ஸ்' என்று பிரிந்ததுபோல, 'தெம்செல்வ்ஸ்' பக்கத்தில் 'தெம்செல்ஃப்' என்ற வடிவமும் இப்போது அச்சில் வரத் தொடங்கியிருக்கிறது. அதுவும் முன்பே ஆங்கில ஏடுகளில் இருந்த சொல்தான்.