இணையதளத்திற்கு எவ்வளவு இடம் வேண்டும்?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அரிசியைப் படியாலும் துணியை மீட்டராலும் அளந்து வாங்கும் நாம், கண்ணுக்குத் தெரியாத பொருளை வாங்கும்போது அளவை மறந்துவிடுகிறோம். இணையதளத்திற்காக வாங்கும் சேமிப்பிடமும் அத்தகைய பொருளே.

சேமிப்பிடம் என்பது யாது? இரவும் பகலும் இயங்கும் சர்வர் என்னும் கணினியில், நம் கோப்புகளை வைக்க நாம் வாடகைக்குப் பெறும் இடமே அது. கூடுதலாக எடுத்தால் ஆண்டுதோறும் பணம் வீண். குறைவாக எடுத்தால் இடம் நிரம்பியதும் புதிய படங்கள் ஏறா. வரும் மின்னஞ்சல்களும் திரும்பிவிடக்கூடும்.

இதை அளக்கும் அலகு பைட். ஆயிரம் பைட் ஒரு கிலோபைட். ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட். ஆயிரம் மெகாபைட் ஒரு ஜிகாபைட். இணையத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'அம்மா' என்னும் சொல்லில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என 5 குறிகள் உள்ளன. ஆகவே அது 15 பைட் கொள்ளும்.

நம் ஆண்டு மலரை இணையத்தில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் 3,000 குறிகள் எனில் 9 கிலோபைட். நூறு பக்கமும் சேர்ந்து ஒரு மெகாபைட்கூட ஆகாது! ஆனால் கைப்பேசியில் எடுத்த ஒரு நிழற்படமே 4 மெகாபைட் இருக்கலாம். 300 படங்களுக்கு 1,200 மெகாபைட் ஆகும். அவற்றைத் தலைக்கு 200 கிலோபைட்டாகச் சுருக்கினால் 60 மெகாபைட்டே போதும். இடத்தை விழுங்குவது எழுத்தன்று, படமே என்பது இதனால் விளங்குகிறது.

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு படத்திற்கும் பல அளவுகளில் நகல் எடுக்கும். ஆதலால் படங்களுக்கு 120 மெகாபைட் என்று கொள்வோம். மென்பொருளுக்கும் தரவுத்தளத்திற்கும் 200 சேர்த்தால் ஏறத்தாழ 320. அதே இடத்தில் ஒரு காப்பு நகலும் வைத்தால் 640. நான்கு அஞ்சல் பெட்டிகளுக்குத் தலைக்கு 250 வீதம் 1,000. ஆக 1,640 மெகாபைட். அடுத்த இரண்டு மலர்களுக்குக் காப்பு நகலுடன் சுமார் 480 கூட்டினால் 2,120. கையிருப்பாகச் சிறிது விட்டாலும் 3 ஜிகாபைட் தாராளம். எனினும் காப்பு நகல் ஒன்றை வேறிடத்திலும் வைப்பதே அறிவுடைமை; சர்வர் பழுதானால் அதிலுள்ள நகலும் உடன் போய்விடும் அல்லவா?

ஆண்டு விழாவின் பத்து நிமிடக் காணொளி மட்டுமே 600 மெகாபைட் ஆகலாம். அதை யூடியூபில் ஏற்றி இணைப்பு தருவது சிக்கனம்.

"எல்லையற்ற இடம்" என்னும் விளம்பரத்தைக் கண்டு மயங்கலாகாது. கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா என்று விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். தளத்தைப் பார்க்க வருவோருக்குச் செல்லும் தரவின் அளவு வேறு கணக்கு. 2 மெகாபைட் பக்கத்தை ஆயிரம் பேர் பார்த்தால் 2 ஜிகாபைட் செலவாகும்.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்புக் கருவி 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டது. இன்று ஒரு நிழற்படமே ஏறத்தாழ அவ்வளவு இடம் கேட்கிறது! இடம் மலிந்த காலத்திலும் அளவறிதல் நற்பண்பே. தேவையைக் கணக்கிட்டுச் சிறிதாகத் தொடங்குவோம். வளர வளர இடத்தைப் பெருக்கிக்கொள்வோம்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு