கோப்பில் நேர்ந்த பிழை

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரில் இளைஞர் ஒருவர் இருக்கின்றார். அவருடைய பாட்டனார், புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3 ஆம் நாள் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபொழுது சிறுவராக இருந்தவர். மன்னராட்சிக் காலத்தைப் பற்றியும், அந்நாளில் வழங்கிய அம்மன் காசைப் பற்றியும் அவர் பேசியவற்றைப் பெயரர் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். பாட்டனார் மறைந்தபின், மூன்று மணி நேரப் பேச்சினை இருபது நிமிடக் காணொளியாகத் தொகுத்தார். முதலாண்டு நினைவு நாளில் சுற்றத்தாருக்கு அதனைக் காட்டவேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

அதற்கு இரண்டு நாள் முன்பு கணிப்பொறியில் இடம் போதவில்லை. படத்துண்டுகளை வேறொரு வன்தட்டுக்கு மாற்றி, 'தாத்தா & பாட்டி' என்று பெயரிட்ட உறையில் வைத்தார். மீண்டும் தொகுப்பைத் திறந்தால், துண்டுகளைக் காணவில்லை என்னும் அறிவிப்பே வந்தது.

மாணவர்களே! இங்கே ஓர் உண்மையை அறிதல் வேண்டும். தொகுப்புக் கோப்பினுள் படம் இல்லை. நிலப் பத்திரத்தை எண்ணிப் பாருங்கள். பத்திரத்தில் நிலமா இருக்கின்றது? புல எண்ணும், அளவும், நான்கு எல்லைகளுமே எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வாறே, எந்தத் துண்டு எந்த இடத்தில் உள்ளது, அதில் எந்த நொடி முதல் எந்த நொடி வரை காட்டவேண்டும், அடுத்து வருவது எது என்பனவே கோப்பில் உள்ளன. எல்லை பிழையாக எழுதப்பட்டால் நிலம் மறைந்துபோவதில்லை. பிழை திருத்தல் பத்திரம் எழுதிக்கொள்கிறோம்.

இளைஞர் கையாண்டது, 2002 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கேடென்லைவ் என்னும் கட்டற்ற மென்பொருள். அதன் கோப்பு எக்ஸ்.எம்.எல். என்னும் முறையில் அமைந்தது. 1998 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற அம்முறையில் யாவும் வெற்றெழுத்தாகவே இருக்கும், மனிதரும் படிக்கலாம். இழந்த துண்டுகளைத் தேடித் தரும் வசதி அம்மென்பொருளிலேயே உண்டு. அதனை முதலில் நாடியிருந்தால் தொல்லையே இல்லை. இளைஞரோ அதை அறியாமல், கோப்பினை எளிய உரைத்தொகுப்பியில் திறந்து, பழைய முகவரி வந்த இடங்களிலெல்லாம் புதிய முகவரியை இட்டுச் சேமித்தார். முன்னதாக ஒரு படி எடுத்து வைக்கவில்லை. இது பெரும் பிழை.

இப்பொழுது கோப்பு திறக்கவே மறுத்தது! ஒரு மாத உழைப்பு வீணாயிற்றோ என்று அவர் கலங்கினார். ஆனால் அறிவிப்பை ஊன்றிப் படித்தபொழுது, பிழை நேர்ந்த வரியின் எண் அதில் இருக்கக் கண்டார். அவ்வரியில் இருந்தது அவர் இட்ட உறையின் பெயரே. '&' என்னும் குறிக்கு எக்ஸ்.எம்.எல். முறையில் தனிப் பொருள் உண்டு; அது தனித்து நிற்றல் கூடாது. அதனை அடுத்து ஏ, எம், பி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். மென்பொருள் தானே எழுதும்பொழுது இதனைத் தவறாது செய்கிறது. கையால் எழுதுவோரே மறக்கின்றனர்.

இம்முறை இளைஞர் முதலில் படி எடுத்துக்கொண்டார். பிறகு குறிகளைத் திருத்தினார்.

ஒரு குறி இத்துணைக் கேடு விளைக்குமா என நீங்கள் ஐயுறலாம். அரை என்பதை நாம் 0.5 என எழுதுகிறோம். ஜெர்மானியர் 0,5 என எழுதுவர். இவ்வேறுபாட்டால் கேடென்லைவின் கோப்புகள் பலகாலம் பழுதுற்றன. 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பதிப்பிலேதான் கோப்பின் அமைப்பை மாற்றி அதனைச் சரிசெய்தனர்.

இலுப்பூர்க் கோப்பு திறந்தது. துண்டுகள் யாவும் முன்னிருந்த வரிசையிலேயே நின்றன. நினைவு நாளன்று, அம்மன் காசு எவ்வளவு சிறியது என்பதைப் பாட்டனார் விரல் நுனியால் காட்டியபொழுது, முன்வரிசையில் இருந்த பாட்டியார் தம்மை அறியாமல் விடை கூறினார்.