'புரோட்' என்றால் அகலம் மட்டுமா?
'புரோட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகலம் என்றே சிறு வகுப்பில் மனனம் செய்தோம். உயர்தர வகுப்புக்கு அந்த ஒரு பொருள் போதாது.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி செல்லும் புகையிரதப் பாதை 'புரோட் கேஜ்'. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீற்றர். இங்கே அகலம் பொருந்தும். ஆனால் 'புரோட் டேலைற்' அகலமான பகலா? இல்லை, பட்டப்பகல். 'புரோட் மைண்டட்' என்றால் பரந்த மனமுடையவர். 'புரோட் அவுட்லைன்' என்பது நுணுக்கங்களை விட்ட பொதுவான வரைவு. பக்கத்தில் நிற்கும் சொல்லே பொருளைக் காட்டும்.

'புரோட்காஸ்ற்' என்பதோ வயலில் பிறந்த சொல். 'காஸ்ற்' என்றால் எறிதல். விதையை நிலமெங்கும் வீசி விதைப்பதற்கே முதலில் அப்பெயர் இருந்தது. வானொலி வந்தபின், குரலை நாடெங்கும் தூவுவதற்கும் அதுவே பெயராயிற்று. நாமும் அதை ஒலிபரப்பு என்கிறோம். அதிலும் பரப்புதல் இருக்கிறது.

காலபோகத்தில் என் வாப்பா நெல்லை வீசி விதைப்பார். ஆங்கிலம் படிக்காத அவருக்கு இச்சொல்லின் மூலப்பொருள் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே பெற்றோரே, ஆங்கிலம் எமக்குத் தெரியாது என்று ஒதுங்காதீர்கள். பிள்ளை ஒரு புதுச்சொல் கொண்டுவந்தால், அது எந்த வேலையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்த வேலை உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கலாம்.