பொதுச் சொற்பொழிவும் பாலிடெக்னிக் மாணவனும்



என் அப்பா நாமக்கல்லில் லாரி ஸ்பிரிங் பட்டறைத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். ஃபேர்லேண்ட்ஸில் சித்தப்பா வீட்டில் தங்கி மின்னியல் டிப்ளமோ படிக்கிறேன். பல்கலைக்கழகம் என்றாலே அது வேற யாருக்கோ கட்டினது என்பது எங்க வீட்டு எண்ணம். அது சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் மட்டும் நடப்பதில்லை. கருத்தரங்கில் பலர் கட்டுரை வாசிப்பார்கள், பிறகு விவாதம் நடக்கும். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது வேறு. ஒருவர் நினைவாகக் கொடுத்த வைப்புத் தொகையின் வட்டியில், ஓர் அறிஞரை அழைத்துப் பேச வைப்பார்கள். பொதுச் சொற்பொழிவு என்றால் வெளியாட்களும் கேட்கலாம். பரீட்சை கிடையாது, மார்க்கும் கிடையாது. நம் சேலத்திலேயே 1997-இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓமலூர் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம்.

"லேப் ரெக்கார்டு எழுதவே நேரமில்ல, இதெல்லாம் நமக்கெதுக்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே (1791-1867) ஒரு கொல்லர் மகன். லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். ஊரில் நடந்த அறிவியல் சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவர் கொல்லு வேலை செய்த அண்ணன். 1812-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளைத் தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813-இல் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். மேட்டூர் அணையின் ஜெனரேட்டர் சுற்றுவதும் அந்தத் தத்துவத்தில்தான்.

இதே ஃபாரடே 1819-இல் தென்னிந்திய உருக்கான 'ஊட்ஸ்' பற்றி ஆராய்ந்தார். அதன் சிறப்புக்கு அவர் சொன்ன காரணம் சரியல்ல, கரியின் அளவே முக்கியம் என்பது பிற்பாடு தெளிவானது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக எஃகில் குரோமியத்தையும் கலந்து பார்த்தார். இன்று கஞ்சமலை அடிவாரத்தில் உள்ள சேலம் உருக்காலையின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அந்தக் குரோமியமே காரணம். கொங்கு நாட்டுக் கொடுமணலில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்விலும் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. ஆக, வரலாறும் தொழில்நுட்பமும் தனித்தனிப் பாடங்கள் அல்ல.

பழங்கால உலோகத் தொழில் பற்றிய ஒரு சொற்பொழிவுக்கு நான் போயிருந்தேன். வாசலில், "எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார் ஒருவர். "பாலிடெக்னிக்குங்க" என்றேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, பின்னாடி உக்காருப்பா" என்றார். முடிவில் எழுந்து, "ஐயா, தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் உலைச் சூட்டை எப்படி அளந்தார்கள்?" என்று கேட்டேன். "தழலின் நிறத்தைப் பார்த்துத்தான் தம்பி. இன்றைக்கும் பட்டறைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் பேச்சாளர். அப்பா ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சும்போது நிறம் பார்ப்பதை நான் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது ஓர் அறிவு என்று மேடையில் ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

சொற்பொழிவு கேட்கச் செல்வோர் கவனிக்க வேண்டியவை:

1. தலைப்பைப் பற்றி முன்கூட்டியே நூலகத்தில் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போக வேண்டும்.
2. எல்லாவற்றையும் எழுதாமல் பெயர், ஆண்டு, காரணம் ஆகியவற்றை மட்டும் குறிக்க வேண்டும்.
3. புரியாத சொல்லைக் கோடிட்டு வைத்து, பிறகு விசாரிக்க வேண்டும்.
4. ஒரு கேள்வியாவது தயார் செய்ய வேண்டும். தமிழில் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழக அறிவிப்புகளை நம் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள். செமஸ்டருக்கு ஒரு பேச்சாளரை நம் கல்லூரிக்கும் அழையுங்கள். கதவு திறந்திருக்கும் செய்தி தெரிந்தால்தானே உள்ளே போக முடியும்? வாருங்கள் நண்பர்களே, பின்வரிசையிலாவது போய் உட்காருவோம், கேள்வி கேட்போம்!